கத் லாப் கிட்ட வந்ததும் பட்டியல் ஏன் நீளுகிறது?

கொழும்பில் அஞ்சியோகிராம் (நாடி வழியாக மெல்லிய குழாய் விட்டு, இதயத்தின் இரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பது) செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்த துண்டு, யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகளில் சாமியறை லாச்சிக்குள் மடித்தபடி கிடந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எழுதிய டொக்டரின் கணக்கில் அவர் அனுப்பப்பட்ட நோயாளி. கொழும்பு வைத்தியசாலையின் கணக்கில் அப்படி ஒருவர் வந்ததே இல்லை. இந்த இரண்டு கொப்பிகளுக்கும் நடுவில் விழுந்துபோனவர்களை விட்டுவிட்டு, 'வடக்கிலிருந்து இவ்வளவு பேர்தான் வருகினம்' என்று எண்ணிக்கை போட்டால் அது எப்படிச் சரிவரும்?

ஏ.எல். பொருளியல் படித்தவர்களுக்கு இது பழைய பாடம். தேவை வேறு, கேள்வி (டிமாண்ட்) வேறு. இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்திருப்பது தேவை. திகதி எடுத்து, ஆள் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறி, கட்டிலில் போய்ப் படுப்பது கேள்வி. முதலாவது இரண்டாவதாக மாறுவதற்கு நடுவில் தூரம் நிற்கிறது. வைத்தியசாலைப் பதிவேட்டில் ஏறுவது இரண்டாவது மட்டும்தான்.

அதனால்தான் எங்கே ஒரு கத் லாப் (அஞ்சியோகிராம் செய்யும் கூடம்) திறந்தாலும் முதல் வருடங்களில் காத்திருப்போர் பட்டியல் குறையாமல் நீளுகிறது. யாழ் போதனா வைத்தியசாலையில், ஊர்ப்பேச்சில் பெரியாஸ்பத்திரியில், அஞ்சியோகிராம் செய்ய முடிகிறது என்றானதும் கதவைத் தட்டுபவர்கள் மூன்று வகை. லாச்சிக்குள் துண்டு வைத்திருந்தவர்கள் முதல் வகை. துண்டே எழுதப்படாதவர்கள் அடுத்த வகை. 'எழுபத்தைந்து வயது, பிள்ளைகள் வெளிநாட்டில், கொழும்புக்கு அனுப்பி என்ன செய்யப்போகிறா' என்று டொக்டரின் பேனையே நின்றுவிட்ட நோயாளிகள் இவர்கள். தூரம் நோயாளியை மட்டும் மறிப்பதில்லை, எழுதும் கையையும் மறிக்கும். கிட்ட இருக்கிறதே, ஒருக்காப் பாத்திட்டு வருவம் என்று வருபவர்கள் மூன்றாவது வகை. முதல் இரண்டு வகையும் லாப் திறந்ததன் பயன். மூன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டுமான விசித்திரம் இல்லை. 1850 அளவிலேயே அமெரிக்காவின் மசாசுசெட்ஸில் எட்வர்ட் ஜார்விஸ் என்ற வைத்தியர், மனநோய் விடுதிகளுக்கு வருபவர்களின் ஊர்களைக் கணக்கெடுத்து, விடுதிக்குக் கிட்ட உள்ள ஊர்களிலிருந்தே கூடுதலாக வருகிறார்கள் என்று காட்டினார். தூரத்து ஊர்களில் பைத்தியம் குறைவு என்றா அதற்கு அர்த்தம்? 1959இல் மில்ற்றன் ரோமர் இதன் மறுபக்கத்தைச் சொன்னார்: கட்டிலைப் போட்டால் அது நிரம்பும்.

இதயத்துக்கென்று இதை அளந்த பேர்போன ஆய்வு 1994இல் மக்கிளெல்லனும் மக்நீலும் நியூஹவுசும் செய்தது. 1987இல் மாரடைப்பு வந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க முதியவர்களை, மிகக் கிட்டிய வைத்தியசாலையைவிடக் கத் லாப் உள்ள வைத்தியசாலை வீட்டிலிருந்து எவ்வளவு கூடுதல் தூரம் என்பதை வைத்துப் பிரித்தார்கள். கிட்ட இருந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு 90 நாளுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப்பட்டது. தூர இருந்தவர்களில் அது ஐந்தில் ஒருவர். நோய் ஒன்றுதான், வயதும் ஏறக்குறைய ஒன்றுதான், மாறியது முகவரி. இதில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒரு துண்டு உண்டு. கிட்ட இருந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகத் தப்பினார்கள்தான். ஆனால் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி முதல் நாளிலேயே வந்துவிட்டது. குழாய் விட்டதால் கிடைத்த பலன் என்று அதைச் சொல்ல முடியாது. வந்த உடனேயே கிடைத்த அவசரக் கவனிப்பு அதைவிடக் கூடுதலாக வேலை செய்திருக்கிறது. பருத்தித்துறை, சாவகச்சேரி, கிளிநொச்சி வைத்தியசாலைகளின் அவசரப் பிரிவுகளைப் பற்றிக் கதைப்பவர்கள் இந்தத் துண்டைத்தான் முதலில் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

தூரத்தைக் கட்டை (மைல்) கணக்கில் அளப்பதும் பிழை. கொழும்பு எப்போதும் ஏறக்குறைய 400 கிலோமீற்றரில்தான் இருந்தது. ஆனால் 1990இல் யாழ்தேவி ரயில் நின்றபோதும், 2006 ஓகஸ்டில் ஏ9 றோட்டு பூட்டப்பட்டபோதும், கப்பலுக்கோ விமானத்துக்கோ அனுமதி எடுத்துக் காத்திருந்தபோதும் அது நானூறு கிலோமீற்றரா? 2009க்குப் பிறகு பாதை, 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணத்துக்கு ரயில். வரைபடத்தில் ஒரு அங்குலமும் மாறவில்லை, தூரம் மட்டும் சுருங்கியது. அதன் பிறகும் ராத்திரி பஸ், கொழும்பு வெள்ளவத்தையில் தங்க ஒரு இடம், சிங்களம் கதைக்க ஒரு ஆள் என்று மூன்று காவல் நின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அவசரமில்லாமல் ஆறுதலாகச் செய்யும் அஞ்சியோகிராமுக்கு ஒருவர் எத்தனை தரம் வர வேண்டும்? கிளினிக், எக்கோ (இதய ஸ்கான்), ட்ரெட்மில் (நடக்கவிட்டு எடுக்கும் ஈசிஜி), இரத்தப் பரிசோதனை மறுமொழி, அட்மிஷன். ஐந்து தரம். ஒவ்வொரு தரமும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வந்தால், கடைசியில் கட்டிலுக்கு வந்து சேர்பவர்கள் 59 பேர். ஒவ்வொரு தரமும் எண்பது பேர்தான் வருவார்களென்றால் 33. வித்தியாசம் பத்துத்தான், முடிவில் ஏறக்குறையப் பாதி காணாமல் போய்விட்டது. ஐந்து வரவை இரண்டாக்கினால் அதே எண்பதில் 64 பேர் மிஞ்சுவார்கள். அதனால், தூரத்திலிருந்து வருபவருக்கு எக்கோ, ஈசிஜி, இரத்தம், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துக் கொடுப்பதை யாரோ ஒருவரின் தயவாக நினைக்கக்கூடாது. புது மெசின் ஒன்று வாங்கிப் போடுவதைவிட மலிவாக இதில் கேள்வியைத் தேவைக்குக் கிட்டக் கொண்டு வரலாம். செய்யவேண்டியதெல்லாம் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஊரையும் வரும் வழியையும் எழுதுவது. 'நெடுந்தீவு, படகு' என்று இரண்டு சொல் இருந்தால் திகதி கொடுக்கும் தாதிக்கு விளங்கும்.

மாரடைப்புக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே தூரம் என்றால் நிமிடம்.

ஈசிஜியில் எஸ்டி என்ற கோட்டுப்பகுதி மேலே ஏறிய மாரடைப்பு என்று தெரிந்த நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் பலூன் விட்டு அடைப்பைத் திறக்க முடிந்தால் கத் லாப்தான் நல்லது. முடியாதென்றால் இருக்கிற இடத்திலேயே, முடிவெடுத்த பத்து நிமிடத்துக்குள், இரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட வேண்டும். சாவகச்சேரி பெரியாஸ்பத்திரியிலிருந்து பதினைந்து கிலோமீற்றர் சொச்சம். பருத்தித்துறை முப்பத்துச் சொச்சம். கிளிநொச்சி அறுபத்தைந்து அளவு. றோட்டை மட்டும் பார்த்தால் மூன்றும் 120க்குள் வரும் போலத்தான் தெரியும். ஆனால் அம்புலன்ஸ் ஒழுங்கு செய்யும் நேரம், கூடப் போக ஒரு தாதி, ஏற்றி இறக்குவது, நடுச்சாமமென்றால் லாப் குழுவை வீட்டிலிருந்து கூப்பிடுவது எல்லாம் அதே 120க்குள் அடங்க வேண்டும். பகல் பத்து மணிக்கு லாப் எல்லைக்குள் இருக்கும் ஊர், ராத்திரி இரண்டு மணிக்கு எல்லைக்கு வெளியே போய்விடும். ஆகவே ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையும் இரண்டு எல்லை வைத்திருக்க வேண்டும், பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. அதைச் சுவரில் எழுதி ஒட்டியும் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் விவாதிக்க ஆருக்கும் நேரமில்லை.

கட்டி கரைக்கும் ஊசியில் பிழைக்கிற இடங்கள் தெரிந்தவைதான். டெனெக்டிபிளேஸ் என்ற ஊசி உடல் நிறைப்படி: 60 கிலோவுக்குக் கீழே 30 மில்லிகிராம், அதிலிருந்து ஒவ்வொரு பத்துக் கிலோவுக்கும் 5 கூட, 90க்கு மேல் 50. எழுபத்தைந்து வயது தாண்டியவருக்குப் பாதி. படுத்த படுக்கையில் வந்தவரின் நிறை ஆருக்குத் தெரியும்? கிளினிக் கொப்பியில் போன மாதம் எழுதிய நிறை இருந்தால் அது அப்போது பொன். மற்ற ஊசி, ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில். வேகமாக ஓடவிட்டால் பிறசர் சடாரென விழும். சொட்டை நிறுத்தி, காலை உயர்த்தி, சேலைன் கொடுத்துத் திரும்பத் தொடங்கலாம். முன்பு ஒரு தரம் ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டவருக்கு மறுபடி அதைப் போடக்கூடாது, உடம்பில் எதிர்ப்பு உருவாகியிருக்கும். 'முந்தியும் ஒருக்கா ஊசி போட்டது' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த ஊசி என்று கொப்பியில் இருக்க வேண்டும்.

ஊசி போட்டதும் வேலை முடிந்ததென்று வார்டில் படுக்கவைப்பது அடுத்த பிழை. 60 முதல் 90 நிமிடத்தில் ஈசிஜி திரும்ப எடுத்து, ஏறிய எஸ்டி பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கவில்லையென்றால் உடனே லாப். இறங்கியிருந்தாலும் 2 முதல் 24 மணித்தியாலத்துக்குள் அஞ்சியோகிராம். ஆகவே ஊசி போட்ட கையோடு வண்டி ஏற்றுவதுதான் புத்தி. மறுமொழி வழியில் தெரியட்டும்.

பெரிய பிழை ஒன்று வீட்டாக்களிடமிருந்து வருகிறது. 'ஊசி வேண்டாம், நாங்கள் உடன பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறம்' என்று கையெழுத்து வைத்துவிட்டு ஹயஸ் வானில் ஏற்றுவது. வானில் மொனிற்றரும் இல்லை, ஷொக் கொடுக்கும் மெசினும் இல்லை. மாரடைப்பின் முதல் மணித்தியாலங்களில் சனம் சாவது பெரும்பாலும் இதயம் தாளம் தவறித் துடிப்பதால். அதை நிறுத்தும் மெசினை விட்டுவிட்டு, கத் லாப் கிட்ட இருக்கிறது என்ற நம்பிக்கையில் றோட்டில் இறங்குகிறார்கள். லாப் திறந்ததால் முளைத்த ஆபத்து என்றே இதைச் சொல்லலாம்.

அதுக்கும் முந்தி, வீட்டில் போகும் நேரம். வாயு என்று இஞ்சிச் சோடா, பேந்து ஓமத்தண்ணி, பேந்து மகனுக்குக் கனடாவுக்கு ஒரு கோல். நெஞ்சு நடுவில் பாரம் வைத்த மாதிரி, கை, தாடை, முதுகு என்று பரவி, வியர்த்துக் கொட்டி, 15 நிமிடத்தில் விடவில்லையென்றால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்குக் கோல். நீரிழிவுக்காரருக்கும் பெண்களுக்கும் வயது போனவர்களுக்கும் நோவே இல்லாமல் மூச்சு முட்டலும் களைப்பும் மட்டும் வரலாம். அஸ்பிரின் 300 மில்லிகிராம், ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லையென்றால், விழுங்காமல் சப்பித் தின்ன வேண்டும்.

1990 சேவை 2018 யூலையில் வடக்குக்கு வந்தது, காசில்லை. ஆனால் எங்கள் ஒழுங்கைகள் ஜிபிஎஸ்ஸுக்கு அடங்காதவை. ஒரே மாதிரித் தகர வேலி, ஒரே மாதிரி மதில், மூன்றாவது வளைவில் முட்டுச் சந்து. முகவரி சொல்லும்போது கோயில், வாசிகசாலை, சந்தி இவற்றில் ஒன்றைச் சொல்லுங்கள். ஒருவர் ரோர்ச்சோடு றோட்டுக் கரைக்குப் போய் நிற்கட்டும். கேற்றைத் திறந்து நாயைக் கட்டுங்கள். ஒழுங்கைக்குள் சுற்றிப் போகும் பத்து நிமிடம், சாவகச்சேரியிலிருந்து பாதி வழி.

தீவுகளுக்கு வருவோம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம் அளவில் கடல், அதற்குப் பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று முப்பதுக்கு மேற்பட்ட கிலோமீற்றர். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் படகு ஓடும் நாளை மாதச் சீட்டு எழுதுபவருக்குத் தெரியாது, கடல்தான் தீர்மானிக்கும். இவர்களுக்குக் கத் லாப் எப்போதும் 120க்கு வெளியே. அங்குள்ள வைத்தியசாலையில் ஈசிஜி மெசினும் கட்டி கரைக்கும் ஊசியும் அதைப் போடத் துணிந்த ஒரு டொக்டரும் இருப்பதுதான் அவர்களின் லாப்.

அந்த டொக்டருக்குத் துணிவு தருவது வட்ஸ்அப். ஈசிஜியைப் படம் பிடித்து இதய நோய்ப் பிரிவுக்கு அனுப்பும்போது தாளை மேசையில் விரித்து, நேர் மேலே நின்று, நிழல் விழாமல், பன்னிரண்டு லீட்டும் (கோட்டுப் படங்களும்) பெயரும் நேரமும் ஓரத்தில் 25 மிமீ, 10 மிமீ என்ற அளவும் தெரிய எடுக்க வேண்டும். அளவு அரைவாசியில் வைத்து எடுத்த ஈசிஜியில் ஏறிய எஸ்டி பாதியாகத் தெரியும். பார்ப்பவர் 'பிரச்சினையில்லை' என்பார்.

தீவில் ஸ்டென்ட் (அடைத்த இரத்தக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் கம்பி வலை) வைத்தவர்களுக்கு இன்னொரு தூரம் உண்டு. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தால் அஸ்பிரினோடு, இரத்தம் கட்டிபடாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் குளிசை வழமையாக ஒரு வருடம். மாதக் கிளினிக்கில் ஒரு மாதத்துக்குத்தான் குளிசை. படகு இரண்டு நாள் நின்றால் குளிசை முடிந்துவிடும். முதல் மாதங்களில் அதை நிறுத்தினால் ஸ்டென்ட் உள்ளுக்குள்ளேயே கட்டிபட்டு அடைக்கலாம். எப்போதும் இரண்டு கிழமைக்கு உபரி வைத்திருக்கக் கேட்டு வாங்குங்கள். பல்லுப் பிடுங்க என்று இதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இனி மூன்றாவது வகை. 2007இல் வந்த கரேஜ், 2019இன் கடைசியில் வந்த இஸ்கீமியா என்ற இரண்டு பெரிய ஆய்வுகளும் ஒன்றையே சொல்லின: நடந்தால் வந்து நின்றால் போகும் நிதான நெஞ்சுநோவுக்கு, நல்ல மருந்தோடு ஸ்டென்ட் சேர்த்தாலும் சாவோ மாரடைப்போ பெரிதாகக் குறையவில்லை. நோவு குறையும், அது உண்மை. அடிக்கடி நோ வருபவருக்கு அது பெரிய விசயம். இடப்பக்க முதன்மைக் குழாய் அடைப்பும் பலவீனமான இதயமும் வேறு கதை. ஆனால் 'அடைப்பு இருக்காம், உடன வைக்கச் சொல்லு' என்று ரொறன்ரோவிலிருந்து மகள் காசு அனுப்பி, தனியாரில் சனல் பண்ணி, ஒரு கிழமைக்குள் முடிக்கும் அவசரத்துக்குப் பல வேளைகளில் தேவை இல்லை. தூரம் ஒரு வடிகட்டி மாதிரியும் வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மோசமான வடிகட்டி, வேண்டியதையும் வேண்டாததையும் சேர்த்தே மறித்தது. அது போனால் அதன் இடத்தில் ட்ரெட்மில்லும் எக்கோவும் டொக்டரின் தீர்மானமும் நிற்க வேண்டும். லாப் பொறுப்பாளர் ஒருவர் இதைச் சோதிக்க வழி இருக்கிறது. செய்த அஞ்சியோகிராம்களைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகப் பிரித்து, எத்தனை அவசரம், எத்தனை ஆறுதல், எத்தனையில் ஒன்றுமில்லை என்று மூன்று நிரல் போடட்டும். நல்லூரில் 'ஒன்றுமில்லை' நிறைய, வேலணையில் ஆறுதல் நிரலே காலி என்று வந்தால், இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் திருத்த வேண்டும்.

திகதி கிடைத்து வந்தபிறகு திருப்பி அனுப்பப்படுவதுதான் மிகக் கொடுமை. ரவுணில் இருப்பவருக்கு அது ஒரு ஓட்டோக் காசு. அனலைதீவுக்காரருக்கு இரண்டு நாள், ஒரு இரவு தங்கல், கூட வந்தவரின் கூலியும் சேர்த்து. காரணங்களோ சின்னஞ்சிறியவை. கிரியற்றினின் (சிறுநீரக இரத்தப் பரிசோதனை) மறுமொழி இல்லை. விரதம் இருக்கச் சொன்னதும் பிறசர்க் குளிசையையும் நிறுத்திவிட்டு வந்து பிறசர் இருநூறில் நிற்கிறது. சாப்பாட்டைத்தான் நிறுத்தச் சொன்னது, குளிசை ஒரு மிடறு தண்ணியோடு போகலாம். மெற்போமின், வாஃபரின், இன்சுலின் எடுப்பவர்கள் மட்டும் எதை எப்போது நிறுத்துவது என்று திகதி எடுக்கும்போதே கேட்டுக் கொப்பியில் எழுதுவிக்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு மெற்போமின் விசயம் முக்கியம். கையெழுத்து வைக்க, பக்கத்தில் நிற்க ஆளில்லை என்பதும் ஒரு காரணம். பிள்ளைகள் எல்லாம் வெளியில் உள்ள வீடுகளில் இது கூடிக்கொண்டு வருகிறது. அயலட்டை ஆரையாவது முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பழைய ஈசிஜியைக் கொண்டு வரச் சொன்னால் பத்திரமாகக் கொண்டு வருகிறார்கள், லமினேற் செய்து. அந்தத் தாள் சூட்டில் கறுக்கும் தாள். லமினேற்றிங் மெசினுக்குள் போய் வந்தால் முழுக்கக் கரி. வெயில் படும் இடத்தில் வைத்தாலும் கோடு மங்கிவிடும். எடுத்த அன்றே போட்டோக் கொப்பி அடித்து அசலோடு வைப்பதுதான் சரி. அஞ்சியோகிராம் செய்து பைபாசுக்கு அனுப்பப்பட்டவர் அறிக்கையை மட்டும் கொண்டுபோய் நிற்பதும் இதே வகை. சத்திரசிகிச்சை நிபுணருக்குப் படம் ஓட வேண்டும். படம் பதிந்த சீடி இல்லையென்றால் இன்னொரு பயணம்.

கடைசியாக நூல். அஞ்சியோகிராம் இப்போது பெரும்பாலும் வலக்கை மணிக்கட்டு நாடியால்தான். எங்கள் ஆண்கள் பலரின் வலக்கையில் கோயில் காப்பு நூல், சிலரிடம் மூன்று நாலு சுற்று, மஞ்சள் ஊறி இறுகிப்போனது. அதுக்குள் கிருமி; கையைக் கழுவி மருந்து பூசினாலும் நூலுக்குள் போகாது. மேசையில் ஏற்றிய பிறகு கத்தரிக்கோலை நீட்டினால் முகம் மாறுகிறது. வருவதற்கு முதல் நாள் ஊர்க் கோயில் ஐயாவிடம் சொல்லிக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள், அவர் மறுப்பதில்லை. வேண்டுமானால் இடக்கையில் கட்டிவிடுவார், ஆனால் முழங்கைக்கு மேலே கட்டச் சொல்லுங்கள். வலக்கை நாடி சரிவராவிட்டால் அடுத்தது இடக்கை மணிக்கட்டுத்தான்.